அளவறிந்து தரும் மருந்து

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு, இன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் பீமவரத்தில் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்கா சென்று ஆராய்ச்சியில் ஈடுபட்டார். அங்கு அவருடைய குழு, குருதியணுக்கள் பெருகத் தேவையான ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. பின்னர், அவ்வமிலத்தின் செயலைத் தடுக்கும் அமினோப்டெரின் என்னும் மருந்தையும் ஆக்கியது.

அந்நாளில் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகள் சில மாதங்களிலேயே இறந்தனர். பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர், 1947ஆம் ஆண்டின் இறுதியில் இம்மருந்தை அளிக்கத் தொடங்கினார். 16 குழந்தைகளுள் 10 பேருக்கு நோய் தணிந்தது. எனினும் அந்நலம் நிலைக்கவில்லை. மருந்து நல்ல அணுக்களையும் தாக்கியதால் வாயில் புண்கள் தோன்றின.

1948இல் சுப்பாராவ் மறைந்தார். அக்குழு அளித்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் உயிர் காக்கிறது. நோயை அழிக்கும் அளவையும் உடல் தாங்கும் அளவையும் சீர்தூக்கியே மருத்துவர்கள் அதனைத் தருகின்றனர்.