வீணை எஸ். பாலச்சந்தர்

இக்கட்டுரை வீணைக் கலைஞரும் திரைப்பட இயக்குநருமான எஸ். பாலச்சந்தர் பற்றியது. இயக்குநர் கே. பாலச்சந்தர் வேறொருவர்.

வீணை எஸ். பாலச்சந்தர் (சனவரி 18, 1927 - ஏப்ரல் 13, 1990) புகழ்பெற்ற கருநாடக இசை வீணைக் கலைஞரும், தமிழ்த் திரைப்பட இயக்குநரும், நடிகரும், இசையமைப்பாளரும் ஆவார். பாடல்கள் இல்லாமல் எடுக்கப்பட்ட முதல் தமிழ்த் திரைப்படமாகக் கருதப்படும் அந்த நாள் (1954) இவர் இயக்கியதாகும். இசைக்கலைஞர் ஒருவரே திரையிலிருந்து பாட்டை முழுவதுமாக நீக்கினார் என்பது தமிழ்த் திரைப்பட வரலாற்றின் வியப்புகளுள் ஒன்று.

பிறப்பும் இளமையும்

சென்னையில் பிறந்த பாலச்சந்தரின் தந்தை சுந்தரம் ஐயர் மயிலாப்பூரில் வழக்கறிஞராக இருந்தவர். குடும்பமே கலைக் குடும்பம் எனலாம். அண்ணன் எஸ். ராஜம் பின்னாளில் பாடகராகவும் ஓவியராகவும் பெயர் பெற்றார். பிரபாத் நிறுவனம் தயாரித்து 1934ஆம் ஆண்டு வெளியான சீதா கல்யாணம் திரைப்படத்தில் ராஜம் இராமனாகவும், சகோதரி ஜெயலட்சுமி சீதையாகவும், தந்தை சனகராகவும் நடித்தனர். சிறுவன் பாலச்சந்தர் இராவணனின் அவையில் கஞ்சிரா வாசிக்கும் இசைஞனாகத் தோன்றினார். பாபநாசம் சிவன் திரைக்கு இசையமைத்த முதற்படமும் இதுவே.

கஞ்சிரா, தபேலா, ஆர்மோனியம், சித்தார் எனப் பல கருவிகளை இவர் தாமாகவே கற்றுக்கொண்டார். சிறிது காலம் சென்னை வானொலி நிலையத்தில் கலைஞராகப் பணியாற்றினார். இறுதியில் வீணையைத் தமக்குரிய கருவியாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். அதற்கும் இவருக்குக் குரு என்று எவரும் இல்லை.

திரைத்துறையில்

1948ஆம் ஆண்டு வெளிவந்த இது நிஜமா திரைப்படத்தில் இரட்டை வேடத்தில் நடித்ததோடு இசையும் அமைத்தார். வொண்டர் மேன் என்னும் அமெரிக்கப் படத்தைத் தழுவியது அது. அதே ஆண்டில் என் கணவர் திரைப்படத்தை இயக்கியபோது இவருக்கு வயது இருபத்தொன்று. தொடர்ந்து கைதி (1951) படத்தை இயக்கி நடித்தார். தேவகி, ராஜாம்பாள், பெண் முதலிய படங்களில் நடிகராகத் தோன்றினார்.

அந்த நாள்

ஐம்பதுகளின் தொடக்கத்தில் திரைப்பட விழா ஒன்றில் சப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் ராசோமோன் (1950) படத்தைப் பாலச்சந்தர் பார்த்தார். ஒரே நிகழ்வைப் பலர் பலவாறாகக் கூறும் அப்படத்தின் அமைப்பு இவரைப் பெரிதும் கவர்ந்தது. அவ்வமைப்பில் ஒரு நாடகம் எழுதி வானொலிக்கு அனுப்பினார், அது ஏற்கப்படவில்லை. பின்னர் அக்கதையை ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் கூற, ஏவிஎம் நிறுவனம் தயாரிக்க முன்வந்தது. திரைக்கதை, உரையாடலை ஜாவர் சீதாராமன் எழுதினார். அவரே துப்பறியும் அதிகாரி சிவானந்தமாகவும் நடித்தார்.

1943ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னை மீது சப்பானிய விமானம் குண்டு வீசிய நாட்களே கதையின் காலம். படம் துப்பாக்கி வெடிச் சத்தத்துடன் தொடங்குகிறது. கதைநாயகனான வானொலிப் பொறியாளர் ராஜன் முதற்காட்சியிலேயே சுருண்டு விழுந்து இறக்கிறான். பின்னர் அண்டை வீட்டுப் பெரியவர், தம்பி, தம்பி மனைவி, காதலி, மனைவி உஷா ஆகியோர் விசாரிக்கப்படுகின்றனர். கடைசியில், ராஜன் எதிரி நாட்டுக்கு இரகசியச் செய்திகளை அனுப்பிய உளவாளி என்பதும், நாட்டுப்பற்று மிக்க மனைவியின் கைத்துப்பாக்கியிலிருந்தே குண்டு பாய்ந்தது என்பதும் வெளிப்படுகின்றன.

இப்படம் ராசோமோனின் நகல் என்று கூறப்படுவதுண்டு. உற்றுநோக்கினால் அக்கூற்று சரியன்று எனத் தெரியும். குரோசாவாவின் படத்தில் கொள்ளையன், பெண், இறந்தவனின் ஆவி ஆகிய மூவரும் அச்சாவுக்குத் தம் கையே காரணம் என்கின்றனர்; உண்மை இறுதிவரை உறுதியாவதில்லை. பாலச்சந்தர் இதைத் தலைகீழாக்கினார். இங்கு சந்தேகத்துக்குள்ளானவர்கள் அடுத்தவரைக் கைகாட்டுகின்றனர். முடிவில் ஐயத்துக்கு இடமின்றி உண்மை தெரிந்துவிடுகிறது. முன்னது உண்மை என்பதையே கேள்விக்குள்ளாக்குகிறது. பின்னது ஒரு குடும்பத்துக்குள் மறைந்து கிடந்த வெறுப்புகளை ஒவ்வொன்றாக வெளிக்கொணர்கிறது.

உத்திகள்

எஸ். மாருதி ராவின் ஒளிப்பதிவு இப்படத்தின் பெரும்பலம். அக்காலத் தமிழ்ப் படங்களில் முகம் முழுவதும் தெரியுமாறு சீரான வெளிச்சம் பாய்ச்சுவதே வழக்கம். கதைமாந்தர் மேடையில் நிற்பதுபோல் நேராக நின்று பேசுவர். அந்த நாளில் விளக்கொளி குறைக்கப்பட்டு, முகத்தின் ஒரு பாதி பல இடங்களில் நிழலில் விடப்பட்டது. பேசுபவர் எதையோ மறைக்கிறார் என்பதை உரையாடல் சொல்லுமுன் நிழல் சொல்லிவிடுகிறது. வழக்கமான கண்மட்டக் கோணத்தை விட்டு விலகிய காட்சிகளும் உண்டு. செர்மானிய வெளிப்பாட்டியல் படங்களிலும், நாற்பதுகளின் அமெரிக்கக் குற்றப் படங்களிலும் வளர்ந்த முறை இது.

பிளாஷ்பேக் உத்தியும் குறிப்பிடத்தக்கது. பொதுவாகத் திரையில் பின்னோக்கிக் காட்டப்படுவதை நடந்த உண்மை என்றே பார்வையாளர் எடுத்துக்கொள்வர். இங்கோ ஒருவரின் நினைவில் காண்பது அவருடைய கூற்று மட்டுமே. ஒவ்வொரு வாயிலிருந்தும் வேறொரு ராஜன் பிறக்கிறான். ஆகவே பார்ப்பவர் கதையைக் கேட்பதோடு நில்லாமல், சொல்பவரை எடைபோடவும் வேண்டியவராகிறார்.

நடிகர் தேர்விலும் ஒரு பொருள் அமைந்தது. ராஜன் வேடத்தில் முதலில் கல்கத்தாவைச் சேர்ந்த பேராசிரியர் என். விசுவநாதன் நடித்தார். சில காட்சிகள் படமான பின்னர், மெய்யப்பச் செட்டியாரின் விருப்பப்படி சிவாஜி கணேசன் ஒப்பந்தமானார். உஷாவாக நடித்த பண்டரிபாய், பராசக்தியில் (1952) சிவாஜிக்கு இணையாக நடித்தவர். பராசக்தியில் மக்கள் கைதட்டி வரவேற்ற முகம் இங்கே நாட்டைக் காட்டிக்கொடுப்பவனின் முகமாக மாறியபோது ஏற்பட்ட அதிர்ச்சியை, அறிமுகமில்லாத ஒருவரின் முகம் ஏற்படுத்தியிருக்க இயலாது. இம்மாற்றம் தயாரிப்பாளரின் வணிகக் கணக்காகவே இருந்திருக்கலாம். எனினும் படத்துக்கு அது நன்மையே செய்தது.

பாடல், நடனம், சண்டை ஆகிய மூன்றும் இல்லை. பாடல் என்பது பார்வையாளர் மூச்சுவிடும் இடைவெளி. அது இல்லாததால் இறுக்கம் தளர்வதே இல்லை. ஏவிஎம்மின் சரஸ்வதி ஸ்டோர்ஸ் இசைக்குழு அளித்த பின்னணி இசையும், இடையிடையே வரும் அமைதியும் பாட்டின் வேலையைச் செய்தன.

ஏப்ரல் 13, 1954 அன்று வெளியான இப்படம் விமரிசகர்களின் பாராட்டைப் பெற்றது, திரையரங்குகளில் தோல்வியுற்றது. பாட்டில்லாப் படத்தைப் பொதுமக்கள் ஏற்கவில்லை. இரண்டாவது தேசியத் திரைப்பட விருதுகளில் நற்சான்றிதழ் பெற்ற பின்னர் மீண்டும் திரையிடப்பட்டபோது ஓரளவு வரவேற்பு கிடைத்தது. எனினும் வேறு தயாரிப்பாளர்கள் இவ்வழியில் செல்ல அஞ்சினர். பாடலில்லாத தமிழ்ப் படங்கள் அதன் பின்னரும் ஜெயகாந்தனின் உன்னைப்போல் ஒருவன் (1965), பாலு மகேந்திராவின் வீடு (1988) என அரிதாகவே வந்தன.

பிற்காலப் படங்கள்

எது நிஜம் (1956) படத்துக்குப் பின் சில ஆண்டுகள் கழித்துத் தாமே தயாரிப்பாளராகி அவனா இவன் (1962), பொம்மை (1964), நடு இரவில் (1970) ஆகியவற்றை எடுத்தார். இவற்றில் பொம்மை சிறந்தது. ஒருவரைக் கொல்வதற்காக வெடிகுண்டு வைக்கப்பட்ட விளையாட்டுப் பொம்மை தவறிப்போய்க் கைமாறிக்கொண்டே செல்கிறது. குண்டு உள்ளே இருப்பது பார்வையாளருக்குத் தெரியும், பொம்மையை வைத்திருப்பவருக்குத் தெரியாது. ஆல்பிரட் ஹிட்ச்காக் கையாண்ட இவ்வுத்தியால் சாதாரணத் தெருக் காட்சிகூட அச்சமூட்டுவதாகிறது. இப்படத்தில் கே. ஜே. யேசுதாசின் பாட்டும் ஒலித்தது. பாட்டைத் தவிர்த்தவர் என்ற பெயர் இவருக்கு முழுதும் பொருந்தாது என்பதற்கு இதுவே சான்று. படத்தின் முடிவில் தொழில்நுட்பக் கலைஞர்களைத் திரையில் தோன்றச் செய்து அறிமுகப்படுத்தினார். நடு இரவில் அகதா கிறித்தியின் புதினம் ஒன்றின் தாக்கத்தில் உருவானது. அதற்குப்பின் இவர் படம் இயக்கவில்லை.

இசைப்பணி

ஒரே மெட்டில் தந்தியை இழுத்துப் பல சுரங்களை ஒலிக்கச் செய்யும் இவரது வாசிப்பு முறை, வாய்ப்பாட்டின் கமகங்களை வீணையில் கொண்டுவந்தது. 72 மேளகர்த்தா இராகங்களையும் இசைத்தட்டுகளாகப் பதிவு செய்தார். வெளிநாடுகளிலும் கச்சேரிகள் நிகழ்த்தினார். 1982இல் பத்ம பூசண் விருது பெற்றார்.

கருத்துகளைத் தயங்காமல் கூறுபவர் என்பதால் சர்ச்சைகளும் இவரைத் தொடர்ந்தன. சுவாதித் திருநாள் பெயரில் வழங்கும் கீர்த்தனைகள் அவர் இயற்றியவை அல்ல என இவர் வாதிட்டது எண்பதுகளில் இசையுலகில் பெரும் விவாதமாயிற்று. புதிய இராகங்களை உருவாக்கியதாக எம். பாலமுரளிகிருஷ்ணா கூறியதையும் இவர் எதிர்த்தார்.

மறைவு

இசை நிகழ்ச்சிக்காகப் பிலாய் நகருக்குச் சென்றிருந்தபோது, 1990ஆம் ஆண்டு ஏப்ரல் 13 அன்று பாலச்சந்தர் காலமானார். அந்த நாள் வெளியாகிச் சரியாக 36 ஆண்டுகள் நிறைவடைந்த நாள் அது.