ஒரே ஒரு படம், 47 வயதில் மரணம்: சாதாரண மனிதர்களை வரைந்த யோஷிஃபுமி கோண்டோ யார்?

அனிமேன்னு சொன்னதும் நம்ம ஊரில் பலருக்கு நருட்டோவும் டிராகன் பாலும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் சண்டை, சூப்பர் பவர், பூதம் எதுவுமே இல்லாத அனிமேக்களும் இருக்கின்றன. பரீட்சைக்குப் படிப்பது, ஆபீஸுக்கு லீவு போடுவது, ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசிப்பது என்று அன்றாட வாழ்க்கைதான் அவற்றின் கதை. இந்த வகைக்கு 'ஸ்லைஸ் ஆஃப் லைஃப்' என்று பெயர்.

பக்கத்து வீட்டில் நடப்பதை எதுக்குங்க மெனக்கெட்டு வரையணும் என்று கேட்கலாம். அதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் யோஷிஃபுமி கோண்டோ.

எங்கிருந்து வந்தார்?

ஜப்பானின் நீகாட்டா மாகாணத்தில் உள்ள கோசென் என்ற ஊரில் 1950 மார்ச் 31-ம் தேதி பிறந்தவர் கோண்டோ. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு 1968-ல் டோக்கியோவுக்கு வந்தார். அதே வருடம் 'ஏ புரொடக்‌ஷன்' என்ற அனிமேஷன் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நம்ம வீட்டுக் குட்டீஸ் பார்க்கும் டோரேமான், ஷின்சான் தொடர்களைப் பிற்காலத்தில் தயாரித்த ஷின்-எய் நிறுவனத்தின் பழைய வடிவம்தான் இது. இசாவோ தகாஹாதா, ஹயாவோ மியாசாகி ஆகியோருடன் அவர் சேர்ந்து வேலை பார்க்கத் தொடங்கியதும் இங்கேதான்.

1979-ல் தகாஹாதா இயக்கிய 'ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்' தொடருக்குக் கதாபாத்திரங்களை வடிவமைத்தார். பெற்றோர் இல்லாத ஒரு சிறுமி 50 எபிசோடுகளில் வளர்ந்து பெரியவளாகும் கதை. கோண்டோ வரைந்த ஆன், பொம்மை மாதிரி அழகான பெண் இல்லை. ஒல்லியான உடம்பு, மேடான நெற்றி, முகமெல்லாம் புள்ளி. தொடர் போகப்போக அந்த முகமும் மெல்ல மாறிக்கொண்டே வரும்.

27 வயசுப் பெண்ணின் கன்னத்தில் ஒரு கோடு

1987-ல் ஸ்டூடியோ ஜிப்லிக்கு வந்தார். மறுவருடம் வெளியான 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்' படத்தில் போரில் பசியால் வாடும் அண்ணன், தங்கையை வடிவமைத்தவர் அவர்தான்.

1991-ல் வந்த 'ஒன்லி யெஸ்டர்டே' படத்தின் நாயகி டேகோவுக்கு 27 வயசு. டோக்கியோவில் ஆபீஸ் வேலை. கல்யாணம் எப்போ என்று வீட்டில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். லீவு போட்டுவிட்டு யமகாட்டாவில் உள்ள கிராமத்துக்குப் போய்ப் பூப்பறிக்கிறாள். போகும் வழியெல்லாம் ஐந்தாம் வகுப்பு ஞாபகம் கூடவே வருகிறது. கதை அவ்வளவுதான்.

இந்தப் படத்துக்கு நடிகர்களின் குரலை முதலில் பதிவுசெய்துவிட்டு, அதற்கேற்ப முகங்களை வரைந்தார்கள். டேகோ சிரித்தால் கன்னத்தில் கோடு விழும். நாயகி என்றால் வழவழப்பான முகம்தான் என்ற அனிமே வழக்கத்தை மீறிய கோடு அது. அதைப் பார்க்கும்போது, நமக்குத் தெரிந்த ஒரு அக்கா சிரிப்பது போலவே இருக்கும்.

அந்த ஒரே படம்

வேலைக்குச் சேர்ந்து 27 வருடம் கழித்துத்தான் கோண்டோவுக்கு ஒரு திரைப்படத்தை இயக்கும் வாய்ப்பு வந்தது. 1995 ஜூலையில் வெளியான 'விஸ்பர் ஆஃப் தி ஹார்ட்' அது. ஆவோய் ஹீராகியின் மங்கா கதைக்கு மியாசாகி திரைக்கதை எழுதினார்.

ஷிசுகு, உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வுக்குத் தயாராக வேண்டிய மாணவி. அவளுக்குப் பிடித்த பையன் வயலின் செய்யக் கற்றுக்கொள்ள இத்தாலிக்குக் கிளம்புகிறான். நமக்கு என்ன வரும் என்ற பயம் அவளுக்கு வந்துவிடுகிறது. படிப்பை ஓரம்கட்டிவிட்டு ஒரு நாவல் எழுதுகிறாள், மார்க் குறைகிறது. வீட்டில் யோசித்துவிட்டு அனுமதி கொடுக்கிறார்கள், ஆனால் விளைவுக்கு நீதான் பொறுப்பு என்றும் சொல்லிவிடுகிறார்கள். கடைசியில் நாவல் அரைகுறையாகத்தான் வருகிறது. அது அவளுக்கே தெரியும், அழுகிறாள். இன்னும் நிறையப் படிக்கணும் என்று அவளே முடிவெடுக்கிறாள்.

யூடியூபில் லோ-ஃபை இசை போட்டுப் படிப்பவர்களுக்கு, மேசையில் எழுதிக்கொண்டே இருக்கும் பெண்ணைத் தெரிந்திருக்கும். அந்த நேரலையில் முதலில் ஓடியது இந்த ஷிசுகு எழுதும் காட்சிதான். இப்போது இருப்பது பிறகு புதிதாக வரையப்பட்ட பெண்.

நெய்வேலிக்கு என்ன சம்பந்தம்?

கதை நடப்பது டோக்கியோவின் மேற்குப் புறநகரான தாமாவில். குன்றுகளில் இருந்த காட்டை வெட்டி வீடு கட்டிய பகுதி. ஷிசுகுவின் குடும்பம் இருப்பதும் வரிசையான அடுக்குமாடிக் குடியிருப்பில்தான். சொந்த ஊரைப் பற்றிய ஒரு பிரபல ஆங்கிலப் பாட்டை அவள் மொழிபெயர்க்கிறாள். எழுத எழுத, தனக்குச் சொந்த ஊர் என்றால் என்னவென்றே தெரியவில்லை என்று புரிகிறது. கான்கிரீட் ரோடுதான் என் ஊர் என்று ஒரு கிண்டல் பாட்டும் கட்டுகிறாள்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்தவர்களுக்கு இந்த இடம் சுருக்கென்று தைக்கும். 1956-ல் என்.எல்.சி. தொடங்கப்பட்ட பிறகு திட்டம் போட்டுக் கட்டிய ஊர் இது. வட்டம் வட்டமாகப் பிரித்த தெருக்கள், குவார்ட்டர்ஸ், மரங்கள். அப்பாவோ அம்மாவோ ரிட்டயர் ஆனால் வீட்டைக் காலி பண்ணணும். அப்புறம் வளர்ந்த தெரு இருக்கும், போய்த் தங்க வீடு இருக்காது. சுரங்கத்துக்கு நிலம் போன கிராமத்துக் குடும்பங்களுக்கோ தாத்தா இருந்த ஊரே மிச்சமில்லை. உனக்கு எந்த ஊர் என்ற கேள்விக்கு இங்கே பலரும் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள்.

பாதியில் நின்ற பயணம்

மியாசாகி, தகாஹாதாவுக்குப் பிறகு ஜிப்லியைக் கொண்டுபோகப் போகிறவர் என்று கருதப்பட்டவர் கோண்டோ. 1997-ல் 'பிரின்சஸ் மோனோனோகே' படத்திலும் வேலை பார்த்தார். 1998 ஜனவரி 21-ம் தேதி, மகாதமனிச் சுவர் கிழிந்து இறந்தார். வயது 47. வேலைப்பளுதான் காரணம் என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. இரண்டாவது படம் வரவே இல்லை.

அவர் இறந்த பிறகு ஓவியத் தொகுப்பு ஒன்று புத்தகமாக வந்தது. தெருவில் போகிற குழந்தைகள், கடைக்குப் போகிற பெரியவர்கள் என்று எல்லாமே அவர் கவனித்து வரைந்த சாதாரண மனிதர்கள். 2025 மார்ச்சில் நாம் எல்லாரும் ஏஐ-யில் ஜிப்லி படமாக மாறினோமே, அதில் நமக்குக் கிடைத்தது அந்தக் கலரும் பெரிய கண்ணும்தான். ஒருத்தர் எப்படி உட்காருவார், எப்படித் தயங்குவார் என்று பல வருடம் உற்றுப் பார்த்த கோண்டோவின் உழைப்பு அதில் இல்லை.

இருபதுகளில் இருப்பவர்களுக்கு இந்தப் படங்கள் ஏன் பிடிக்கிறது என்பதற்கும் அதுதான் காரணம். வேலை கிடைக்குமா, எடுத்த முடிவு சரிதானா, எந்த ஊரில் போய் இருப்பது என்பதெல்லாம் நம் வீட்டில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சோடு போய்விடும். கோண்டோ அதையெல்லாம் உலகப் பிரச்சினை அளவுக்கு மதித்து வரைந்தார். முதல் முயற்சி சொதப்பினாலும் பரவாயில்லை என்று ஒரு முழுப் படம் சொல்லும்போது, நாளைக்கு மறுபடி உட்கார்ந்து படிக்கலாம் என்று தோன்றுகிறது.

எதிலிருந்து தொடங்கலாம்? பள்ளி, கல்லூரியில் இருந்தால் 'விஸ்பர் ஆஃப் தி ஹார்ட்'. வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டால் 'ஒன்லி யெஸ்டர்டே'. அதில் கடைசிப் பெயர்கள் ஓடும்போது எழுந்துவிடாதீர்கள், கதை அப்போதும் நடந்துகொண்டுதான் இருக்கும்.