குதிரை செய்த கணக்கர்

வீணையின் தந்திகளைத் தாங்கி நிற்கும் உறுப்பைக் குதிரை என்பது நம்மவர் வழக்கு. கிற்றாரில் அதே தொழிலைச் செய்யும் உறுப்பை ஆங்கிலேயர் பாலம் என்பர். ஆயினும், அப்பாலத்தின்மேல் தந்தி அமர்ந்திருக்கும் சிறு துண்டுக்குச் சேணம் என்றே அவர்களும் பெயரிட்டிருக்கின்றனர். நம் குதிரைக்கு அவர்கள் சேணம் பொருந்திவிட்டது! இக்குதிரையைத் தம் வாழ்நாள் முழுவதும் திருத்திக்கொண்டே இருந்த ஒருவரின் சரிதையை இங்கு எழுத முற்படுகின்றேன். அவர் பெயர் லியோ பென்டர். அவரிடம் என்னை அழைத்துச் சென்றது, காலஞ்சென்ற என் தம்பியின் பேஸ் கிற்றார்.

தம்பி 1970களில் கல்யாண வீடுகளிலும் திருவிழா மேடைகளிலும் இசைக்குழுவொன்றில் பேஸ் வாசித்தவன். அவன் மறைந்தபின் அக்கருவி கட்டிலின் கீழே பல ஆண்டுகள் கிடந்தது. சென்ற மாதம், நான் முன்னர் கற்பித்த பாடசாலையின் மாணவனொருவன் ஆண்டு விழாவில் வாசிப்பதற்கு அதனைக் கேட்டு வந்தான். எடுத்துப் பார்த்தேன். கடற்காற்று மரத்தை விட்டுவைத்திருந்தது, குதிரையை விட்டுவைக்கவில்லை. சேணங்களை முன்னும் பின்னும் நகர்த்தும் திருகாணிகள் துருவேறி இறுகியிருந்தன. வெறுந்தந்தியில் சுருதி சேர்ந்தாலும், பன்னிரண்டாம் மெட்டில் விரல் வைத்ததும் மேற்ஸ்தாயி சற்றே கூடி ஒலித்தது. குதிரையை மாற்றுவதன்றி வேறு வழியில்லை.

கொழும்பிலே வாத்தியக் கடைக்காரர் ஒருவர் இரண்டு குதிரைகளைக் காட்டினார். மெல்லிய உருக்குத் தகட்டை வளைத்துச் செய்த பழைய பாணிக் குதிரை ஒன்று. கனத்த பித்தளையாற் செய்தது மற்றொன்று. கனத்ததே நாதத்தை நெடுநேரம் நிறுத்தும் என்பது அவர் கட்சி. நான் இரண்டையும் வாங்காமலே திரும்பினேன். பழைய குதிரையின் ஓரத்தில் தம்பியின் உள்ளங்கை உராய்ந்து உராய்ந்து மினுங்கிய ஓர் இடம் உண்டு. அதைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. இவ்வகைக் குதிரையை முதன்முதற் செய்தவர் யார், என்ன கருதிச் செய்தார் என்று அறிய விரும்பியே அவர் வாழ்க்கையைப் படிக்கத் தொடங்கினேன்.

கிளாரன்ஸ் லியோனிடஸ் பென்டர் 1909ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 10ஆந் திகதி, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், தோடந்தோட்டம் வைத்திருந்த குடும்பமொன்றிற் பிறந்தார். எட்டு வயதில் நோயினால் இடக்கண்ணை இழந்து, அதன் பின் கண்ணாடிக் கண்ணுடனேயே வாழ்ந்தார். சிறுவயதிற் பியானோவும் சாக்ஸபோனும் சிறிது பயின்றார். கிற்றார் வாசிக்க மட்டும் அவர் ஒருபோதுங் கற்கவில்லை. உலகத்தின் கிற்றார் ஒலியையே மாற்றிய மனிதர் கிற்றார் வாசிக்கத் தெரியாதவர் என்பதை முதலிற் படித்தபோது நான் நம்பவில்லை.

மோட்டார் வண்டிகளின் மின்சார வேலை செய்துவந்த உறவினர் ஒருவரால் வானொலிமீது அவருக்குச் சிறுவயதிலேயே மோகம் ஏற்பட்டது. ஆயினும், கல்லூரியிற் படித்தது கணக்கியல். வயிற்றுப்பாட்டுக்குச் செய்தது கணக்கெழுதும் வேலை. 1930களின் பெரும் பொருளாதார மந்தம் அவ்வேலையையும் பறித்தது. 1938இல் அறுநூறு டொலர் கடன்பட்டு, புலர்ட்டன் என்னும் ஊரிலே வானொலி திருத்தும் கடையொன்றைத் திறந்தார்.

அவருடைய பிற்கால ஆக்கங்கள் யாவற்றுக்கும் அக்கடையே பள்ளிக்கூடமாயிற்று என்பேன். அவ்வூர் இசைவாணர்கள் பழுதான ஒலிபெருக்கிகளை அங்கே கொண்டுவந்தனர். எது விரைவிற் பழுதாகின்றது, எதைக் கழற்றுவது கடினம் என்பதை நாள்தோறும் கண்டார். திருத்துபவனுக்குத் தொல்லை தரும் பொருள், செய்தவனின் பிழை என்னும் உணர்வு அவருக்குள் ஊறிவிட்டது போலும். 1945இல் டொக் கௌப்மன் என்பவருடன் சேர்ந்து கருவிகள் செய்யத் தொடங்கினார். மறு ஆண்டே கௌப்மன் விலகிக்கொள்ளத் தம் பெயரிலேயே தொழிலை நடத்தினார். 1950இல், உள்ளே குடைவில்லாத, முழு மரப்பலகையாலான மின்கிற்றாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதன் கழுத்தை உடலோடு பசையால் ஒட்டாமல் திருகாணிகளாற் பொருத்தினார். பழுதானாற் கழற்றலாம், புதியதைப் பூட்டலாம்.

அக்காலத்தில் இசைக்குழுவிலே தாழ்ந்த சுருதியைத் தாங்கியது, ஆளுயரத்துக்கு நிற்கும் டபிள் பேஸ் என்னும் வாத்தியம். அதைச் சுமந்து செல்வது பெரும்பாடு. மின்கிற்றார்களுக்கும் மேளங்களுக்கும் இடையே அதன் ஒலி அமுங்கிப் போயிற்று. அதிலே மெட்டுக்களும் இல்லை. சரியான இடத்தை விரல் தானே தேடிப் பிடிக்கவேண்டும். 1951இல் பென்டர் இதற்கொரு வழி கண்டார். தோளிலே மாட்டக்கூடிய, மெட்டுக்கள் வைத்த, நான்கு தந்திகள் கொண்ட மின்கருவி ஒன்றைச் செய்தார். தந்தியின் அதிரும் நீளத்தை 34 அங்குலமாக வகுத்தார். இன்றும் பெரும்பாலான பேஸ் கிற்றார்களுக்கு அதுவே அளவு. மெட்டிலே விரல் வைத்தாற் சுரம் பிசகாது என்பதனால், துல்லியம் எனப் பொருள்படும் பிரிசிஷன் என்ற சொல்லை அதன் பெயரில் இட்டார்.

ஆனால், துல்லியம் என்று பெயர் பெற்ற அக்கருவியின் குதிரை துல்லியமானதாக இருக்கவில்லை! நான்கு தந்திகளுக்கு இரண்டே சேணங்கள். ஒவ்வொரு சேணத்திலும் இரு தந்திகள். தடித்த தந்திக்குச் சற்றுக் கூடிய நீளமும், மெல்லியதற்குச் சற்றுக் குறைந்த நீளமும் இருந்தாலன்றி மேற்ஸ்தாயிகள் ஒத்து வாரா. ஒரு சேணத்தில் இரண்டைக் கட்டினால், ஒன்றைத் திருத்தும்போது மற்றது பிசகும். இரண்டுக்கும் நடுவே ஓர் இணக்கம் காண்பதே அன்று செய்யக்கூடியதாயிருந்தது.

பென்டர் தம் குறையை மறைத்தவரல்லர். கருவிகளை இசைவாணர் கையிற் கொடுத்து, அவர்கள் முறையிடுவதைக் கேட்டுத் திருத்துவதே அவர் முறை. தமக்கு வாசிக்கத் தெரியாமையே அவரை நல்ல செவிசாய்ப்பவராக ஆக்கியது எனலாம். 1954இல் வெளிவந்த ஸ்ட்ரட்டோகாஸ்டர் கிற்றாரில் ஆறு தந்திகளுக்கும் ஆறு சேணங்கள் அமைத்தார். 1957இல் பேஸ் கிற்றாரையும் புதுக்கியபோது, நான்கு தந்திகளும் தத்தமக்கெனச் சேணம் பெற்றன. வளைத்த தகடு, நான்கு சேணங்கள், சில திருகாணிகள்: கணக்கர் ஒருவரின் சிக்கனம் அதிலே தெரிகின்றது. என் தம்பியின் கருவியிலிருந்தது அக்குதிரையின் வழிவந்ததே. டெற்றோயிற் நகரின் மோட்டவுன் இசைத்தட்டுக்களிலே கேட்போரை மயக்கிய ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்ததும், இவ்வகைக் குதிரை பூட்டிய 1962ஆம் ஆண்டுப் பிரிசிஷன் பேஸ்தான்.

1965இல், நோயினால் தளர்ந்து, நெடுநாள் வாழ்வோம் என்ற நம்பிக்கையும் குன்றிய நிலையில், பென்டர் தம் நிறுவனத்தை 13 மில்லியன் டொலருக்குச் சீ.பீ.எஸ். கொம்பனிக்கு விற்றார். பின்னர் நோய் குணமாயிற்று, பெயரோ பிறருடையதாகிவிட்டது. வேறொருவராயின் அச்செல்வத்தோடு ஓய்ந்திருப்பர். இவர் மீண்டும் பட்டறைக்குப் போனார். மியூசிக் மான் என்னும் நிறுவனத்தில் 1976இல் வெளிவந்த ஸ்டிங்றே பேஸ் இவருடைய கைவண்ணமே. தொடர்ந்து, பழைய தோழர் ஜோர்ஜ் புலர்ட்டனுடன் சேர்ந்து ஜீ அன்ட் எல் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்.

அங்கே, எழுபது வயதைக் கடந்த நிலையிலும், தாமே செய்த குதிரையிலே மறுபடியும் குறை கண்டார். தனித்து நிற்கும் சேணங்கள் தந்தி அதிரும்போது பக்கவாட்டில் அசைந்து நாதத்தைச் சிறிது விழுங்குவதாகக் கருதினார். ஆதலால், பக்கத்திலே ஒரு சிறு திருகாணி வைத்து நான்கு சேணங்களையும் ஒன்றோடொன்று நெருக்கிப் பூட்டினார்; குதிரையின் அடியில் ஒரு பகுதியை மரத்தினுள்ளேயும் இறக்கினார். முதலிற் பிரிக்க வேண்டியவற்றைச் சேர்த்தார், பின்பு பிரித்தார், முடிவில், ஒவ்வொன்றுக்கும் தனக்குரிய இடத்தை விட்டு, அவற்றை ஒருங்கே அணைத்தார். நடுக்குவாத நோய் பற்றியபோதும் பட்டறைக்குப் போவதை விட்டாரில்லை. 1991ஆம் ஆண்டு மார்ச் மாதம் 21ஆந் திகதி அவர் காலமானார். அவர் வேலைசெய்த மேசை பல்லாண்டுகள் வைத்தது வைத்தபடியே பேணப்பட்டது.

இச்சரிதையைப் படித்து முடித்தபோது என் தயக்கம் நீங்கியது. கழற்றி மாற்றுவதற்கென்றே கருவி செய்த ஒருவரின் வழிவந்த குதிரையை, கழற்றலாகாத நினைவுச் சின்னமாக்கி ஒரு மாணவனின் சுருதியைக் கெடுப்பது நியாயமன்று. அளவுகோலுடன் உட்கார்ந்தேன். ஐந்து திருகாணித் துளைகள், அவற்றின் இடைவெளி, தந்திக்குத் தந்தி உள்ள தூரம், சேணத்தின் உயரம் யாவற்றையும் குறித்துக்கொண்டு மீண்டும் கொழும்புக்குச் சென்றேன். மெல்லிய தகட்டுக் குதிரையின் துளைகள் நான்கும் ஒன்றும் அப்படியே பொருந்தின. கனத்ததற்கோ மரத்திலே புதிதாகத் துளையிட வேண்டியிருந்தது. குதிரையை மாற்றலாம், தம்பி தோளில் மாட்டிய மரத்தைக் குடைவதற்கு நான் உடன்படவில்லை. மெல்லியதையே வாங்கினேன்.

அன்று மாலை மாணவனும் நானும் அதனைப் பூட்டினோம். ஒவ்வொரு தந்தியிலும் வெறுஞ்சுரத்தையும் பன்னிரண்டாம் மெட்டின் மேற்ஸ்தாயியையும் மாறிமாறி ஒலிக்கச் செய்து, மேலது கூடினாற் சேணத்தைப் பின்னுக்கும், குறைந்தால் முன்னுக்கும் நகர்த்தினான் அவன். நான்காம் தந்தியும் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. துருவேறிய பழைய குதிரையைத் துடைத்து, தம்பியின் படங்கள் இருக்கும் தகரப் பெட்டியில் வைத்தேன். மறுநாட் காலை மாணவன் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒத்திகைக்குப் போனான்.