லெஸ் போல்: உடைந்த கையும் எட்டுத் தட இயந்திரமும்

எங்கள் பக்கத்தில் கிற்றார் வாசிக்கும் இளைஞர்களுக்கு லெஸ் போல் என்பது ஒரு கிற்றாரின் பெயர். அதன் தலைப்பகுதியில் கையெழுத்தாகப் பொறித்திருக்கும் அந்தப் பெயர் உயிரோடு இருந்த ஒருவருடையது என்றால் சிலர் நம்பமாட்டார்கள். அவர் 2009 ஓகஸ்ட் 12 அன்று, 94 வயதில் இறந்தார். வன்னியிலிருந்து வந்த எங்கள் சனம் செட்டிகுளத்தில் முட்கம்பிக்குள் இருந்த மாதம் அது. அமெரிக்கக் கலைஞர் ஒருவரின் மரணச் செய்தியைக் கவனிக்க அப்போது எங்களில் யாருக்கு நேரம் இருந்தது?

வீட்டிலேயே பாட்டுப் பதிய எந்த மல்ட்டிட்ராக் ரெக்கோடர் வாங்கலாம் என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். ஊடகக் கற்கை படித்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். நான் பெரும்பாலும் லெஸ் போலின் கதையைத்தான் சொல்வேன். ஒவ்வொரு குரலையும் வாத்தியத்தையும் தனித்தனித் தடத்தில் பதிந்து, பிறகு ஒன்றைக் கூட்டி, ஒன்றைக் குறைத்து, பிழைத்ததை மட்டும் திரும்பப் பாடும் வசதியை வீட்டுக்குள் கொண்டுவர முதன்முதலில் பாடுபட்டவர்களில் அவர் முக்கியமானவர்.

1915 ஜூன் 9 அன்று விஸ்கொன்சின் மாநிலத்தின் வோக்கிஷா என்ற ஊரில் பிறந்தார். இயற்பெயர் லெஸ்டர் வில்லியம் போல்ஸ்ஃபஸ். இசையை எழுத்தில் வாசிக்க அவர் கற்கவில்லை. மவுத் ஓர்கனைக் கழுத்தில் மாட்ட ஒரு கம்பிச் சட்டம் செய்து, கைகளைக் கிற்றாருக்கு விட்டார். தூரத்தில் இருப்பவர்களுக்குக் கிற்றார் கேட்கவில்லை என்றதும் தொலைபேசியின் உறுப்புகளையும் றேடியோவையும் கொண்டு ஒலியைப் பெருக்கினார். தொண்ணூறுகளில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் றேடியோ கேட்டதை என் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அவர்களுக்கு இந்தப் பையனை உடனே பிடித்துப்போயிருக்கும்.

நாற்பதுகளில் ஹொலிவூட் போனார். அக்காலத்தின் மிகப் பெரிய பாடகர் பிங் குரொஸ்பியோடு வாசித்தார். குரொஸ்பியின் தூண்டுதலால் தன் வீட்டுக் கராஜையே ஒலிப்பதிவுக் கூடமாக்கினார். அப்போது ரேப் இல்லை. இசைத்தட்டில் ஒரு பகுதியை வெட்டுவார், அதை ஒலிக்கவிட்டுக்கொண்டே அடுத்த பகுதியை வாசித்து இரண்டையும் சேர்த்து இன்னொரு தட்டில் வெட்டுவார். இப்படி எட்டுக் கிற்றார்ப் பகுதிகளையும் தானே வாசித்து அடுக்கிய ‘லவர்’ 1948இல் வெளிவந்தது.

அதே ஆண்டு ஜனவரியில் ஒக்லஹோமாவில் பனி உறைந்த வீதியில் கார் வழுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. ஓட்டியவர் பின்னாளில் அவருடைய மனைவியான பாடகி மேரி ஃபோர்ட். லெஸ் போலின் வலது முழங்கை நொறுங்கியது. தந்திகளை மீட்டும் கை அது. மூட்டு இனி மடங்காது, எந்தக் கோணத்தில் பொருத்துகிறோமோ அந்தக் கோணத்திலேயே கடைசிவரை நிற்கும் என்றார்கள் மருத்துவர்கள். கிற்றாரின் மேல் கை வந்து தங்கும் கோணத்தில் வையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். குணமாக ஒன்றரை வருடமளவில் எடுத்தது. சாப்பிடவும் சட்டை போடவும் வசதியான கோணத்தை அவர் கேட்கவில்லை என்பதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஷெல்லில் கை முடங்கியவர்கள் இல்லாத ஊர் வன்னியில் இல்லை. அந்த முடிவின் கனம் இதை வாசிப்பவர்களுக்கு விளங்கும்.

இந்தக் கதைக்குள் இன்னொரு போரும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் முடிவில் அமெரிக்க இராணுவத்தில் இருந்த ஜக் மலின், ஜேர்மன் வானொலி பயன்படுத்திய மக்னற்றோபோன் என்ற இரண்டு ரேப் இயந்திரங்களைத் துண்டு துண்டாகக் கழற்றி ஊருக்கு அனுப்பினார். அவற்றைக் கண்ட குரொஸ்பி, வாராவாரம் நேரலையில் பாடும் தொல்லை தீர்ந்தது என்று 50,000 டொலரை அம்பெக்ஸ் என்ற சிறு நிறுவனத்தில் போட்டார். அந்த அம்பெக்ஸ் இயந்திரங்களில் ஒன்றை லெஸ் போலுக்கும் பரிசாகக் கொடுத்தார்.

அது ஒரே தட இயந்திரம். லெஸ் போல் அதில் மேலதிகமாக ஒரு வாசிப்புத் தலையைப் பொருத்தினார். ரேப்பில் ஏற்கெனவே உள்ள ஒலி அழிவதற்கு முன் அந்தத் தலை அதை வாசித்துவிடும், அந்த ஒலியும் புதிதாகப் பாடுவதும் சேர்ந்து அதே ரேப்பில் மீண்டும் பதியும். ஆபத்து என்னவென்றால், முன்னையது அழிந்துகொண்டே போகும். பத்தாவது அடுக்கில் மேரி ஒரு சொல்லைப் பிழைவிட்டால் முதல் ஒன்பதும் போய்விடும், திரும்ப முதலில் இருந்து. ஒவ்வொரு அடுக்கோடும் இரைச்சலும் கூடும். அதனால் பின்னணிப் பகுதிகளை முதலிலும் முக்கியக் குரலைக் கடைசியிலும் பதிந்தார்கள்.

நியூயோர்க்கின் குவீன்ஸ் பகுதி வீட்டில் 1951இல் இப்படிப் பதிந்ததுதான் ‘ஹவ் ஹை த மூன்’. ஒன்பது வாரம் அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்தது. அதில் கேட்கும் பெண் குரல்கள் அனைத்தும் மேரி ஒருவருடையவை. கண்டுபிடிப்பாளர் என்ற பெயர் முழுவதும் கணவருக்குப் போய்விட்டது. பிழைவிடாமல் பாடியே தீரவேண்டிய பாரத்தைச் சுமந்த மேரிக்கு இன்னும் நியாயம் கிடைக்கவில்லை என்பது என் கருத்து.

எட்டுத் தட இயந்திரம் 1957இல்தான் நியூ ஜெர்சி வீட்டுக்கு வந்தது. விலை 10,000 டொலர், அக்காலத்தில் ஒரு வீட்டின் காசு. இனி எதையும் அழிக்கத் தேவையில்லை, ஒரு தடத்தைக் கேட்டபடியே இன்னொன்றில் பதியலாம். ஆனால் அதற்குள் றொக் அண்ட் றோல் வந்துவிட்டது. அந்த இருவரின் பாட்டுகளைக் கேட்பவர்கள் குறைந்தார்கள். 1964இல் மணமுறிவும் ஆயிற்று. முதலிடம் பிடித்த பாட்டுகள் எல்லாம் ஒரு தட இயந்திரத்தில் வந்தவை. எட்டுத் தட இயந்திரத்தில் ஒன்றும் வரவில்லை.

ரெக்கோடர் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இந்த இடத்தில்தான் தொடங்கும். எட்டுத் தடமா, இருபத்துநாலா என்று முதலில் பார்க்காதீர்கள். ஒரே நேரத்தில் எத்தனை மைக்கைச் செருகலாம் என்று பாருங்கள். எட்டுத் தடம் என்று விற்பவற்றில் பல, ஒரு வேளையில் இரண்டு தடத்தையே பதியும். தனியாகப் பாடி அடுக்குபவருக்கு அது தாராளம். பாட்டு, ஹார்மோனியம், மிருதங்கம், தாளம் என்று அண்ணாவியாரின் குழு முழுவதும் ஒன்றாக உட்காருமென்றால் போதாது, நான்காவது வேண்டும். கொண்டென்சர் மைக் வைத்திருந்தால் 48 வோல்ட் கொடுக்கும் செருகுவாய் இருக்கிறதா என்று கேளுங்கள். பற்றரியில் ஓடுமானால் கரண்ட் போகும் ஊரில் அதுவே பெரிய உதவி. ஒவ்வொரு தடத்தையும் தனித்தனி வேவ் கோப்பாகக் கணினிக்கு எடுக்க முடிய வேண்டும். எடுத்ததை வேறு வீட்டிலும் ஒரு பிரதி வையுங்கள். இடம்பெயர்ந்தபோது கசற்றுகளை விட்டுவந்த குடும்பங்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

பெரிய இயந்திரம் வரட்டும் என்று காத்திருப்பவர்களைக் காணும்போதுதான் எனக்குப் பதற்றம். கூத்துப் பாட்டையும் அருவி வெட்டுப் பாட்டையும் நெஞ்சில் வைத்திருக்கும் கிழவர்கள் வருடத்துக்கு வருடம் குறைந்து வருகிறார்கள்.

மேரி 1977இல் காலமானார். லெஸ் போலுக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்தது. மூட்டுவாதம் விரல்களை ஒவ்வொன்றாக முடக்கியது. எண்பதுகளில் நியூயோர்க்கின் ஒரு சிறிய கிளப்பில் திங்கட்கிழமை தோறும் வாசிக்கத் தொடங்கினார். பிறகு அந்தத் திங்கட்கிழமைகள் இரிடியம் என்ற இன்னொரு கிளப்புக்கு மாறின. இடது கையில் இரண்டு விரல்களே ஒத்துழைத்த நிலையிலும், வலது கையை அந்தப் பழைய கோணத்தில் கிற்றாரின் மேல் வைத்தபடி, இறந்த ஆண்டு வரை வாசித்தார்.