தபால் தலைச் சீமான் பெராரி

பழைய தபால் தலைக்கு என்ன விலை கொடுக்கலாம்? கேட்ட விலையைக் கொடுத்தே பழகியவர் ஒருவர் உண்டு. அவர்தான் பிலிப் பெராரி.

இவர் 1850-ல் பாரிஸ் நகரில் பிறந்தார். தகப்பனார் இத்தாலியக் கோமகன், பெரும் கோடீசுவரர். மகனோ பட்டம் வேண்டாம் என்று உதறிவிட்டார். தபால் தலை ஆசையைத்தான் அவரால் உதற முடியவில்லை.

அவரை ஏமாற்றுவதற்கென்றே சிலர் போலித் தலைகளைத் தயாரித்தார்கள். அவற்றையும் வாங்கினார். ஆனால், உலகில் வேறெங்கும் இல்லாத தலைகளும் அவரிடமே வந்து சேர்ந்தன.

அவற்றில் ஒன்று, 1856-ல் பிரிட்டிஷ் கயானாவில் வெளியான ஒரு சென்ட் தலை. மூலைகள் கத்தரிக்கப்பட்டு, முத்திரை விழுந்து, மங்கிப்போன சிவப்புக் காகிதம். 1873-ல் பழைய கடிதங்களில் அதைக் கண்டெடுத்த 12 வயதுச் சிறுவன், 6 ஷில்லிங்குக்கு விற்றுவிட்டான்!

பெராரி தமது சேகரிப்பை பெர்லின் தபால் பொருட்காட்சிசாலைக்கு உயில் எழுதிவைத்தார். 1917-ல் சுவிட்சர்லாந்தில் காலமானார். அப்போது முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. ஜெர்மனி, பிரான்சுக்குப் பகை நாடு. பாரிசில் இருந்த சேகரிப்பைப் பிரெஞ்சு அரசு பறிமுதல் செய்து, 1921 முதல் 14 ஏலங்களில் விற்றது. கிடைத்த பணம் ஜெர்மனி தரவேண்டிய போர் நஷ்டஈட்டில் சேர்ந்தது.

சிறுவன் விற்ற அந்தத் தலை 1922-ல் 30,000 டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. 2014-ல் அதன் விலை சுமார் 95 லட்சம் டாலர்!

ஒரே இடத்தில் இருக்கவேண்டும் என்று பெராரி விரும்பிய சேகரிப்பு உலகெங்கும் சிதறியது. ஆனாலும், ஒரு தலை அவரிடம் இருந்தது என்றால், வாங்க வருபவர்கள் இன்றும் அதைக் கூர்ந்து பார்க்கிறார்கள்.