ஐம்பதைக் கடந்து மாணவரான ஆசான்

தாய்ச்சி என்றதும் நம் கண்முன் என்ன வருகிறது? விடியற்காலையில் பூங்காவின் ஓர் ஓரத்தில் வரிசையாக நின்று, சிறிய வானொலிப் பெட்டியிலிருந்து வரும் இசைக்கேற்பக் கைகளை மெல்ல அசைக்கும் சீன முதியவர்கள்தாம். ஏதோ பாட்டிமார் செய்யும் உடற்பயிற்சி என்று நாம் கடந்து போய்விடுகிறோம். அது ஒரு தற்காப்புக் கலை என்பதே நம்மில் பலருக்கு வியப்பாக இருக்கும்.

தாய்ச்சியில் சென், யாங், வூ, ஹாவ், சுன் என ஐந்து பெரிய மரபுகள் உண்டு. அவற்றுள் கடைசியாகத் தோன்றியது சுன் மரபு. அதைத் தந்தவர் சுன் லூதாங். சீனத் தற்காப்புக் கலை பயில்வோர் அனைவரும் அறிந்த பெயர் அது. தமிழில் அவரைப் பற்றி ஒரு பக்கமாவது இருக்கட்டும் என்ற ஆசையால் இதை எழுதுகிறேன்.

சுன் 1860ஆம் ஆண்டு வட சீனாவின் ஹெபெய் மாநிலத்தில், பாவோதிங் நகருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் சுன் ஃபூச்சுவான். சிறு வயதிலேயே தந்தை இறந்துவிட்டார். தாய்க்கும் மகனுக்கும் சோற்றுக்கே வழியில்லை. பள்ளிக்குப் போக வேண்டிய வயதில் அந்தப் பிள்ளை செல்வர் வீட்டில் எடுபிடி வேலைக்குப் போனான். அங்கே அவனுக்குக் கிடைத்தது ஏச்சும் அடியும்தான். ஒரு கட்டத்தில் இனி வாழ்ந்து என்ன பயன் என்று உயிரை விடத் துணிந்தான். வழிப்போக்கர்கள் கண்டு காப்பாற்றினார்கள். யார் பெற்ற பிள்ளையையோ காப்பாற்றிவிட்டுத் தங்கள் வழியே நடந்து போன அவர்களின் பெயர் எந்த நூலிலும் இல்லை.

பிறகு பாவோதிங் நகரில் உறவினர் ஒருவரின் எழுதுகோல் கடையில் வேலை கிடைத்தது. எழுதுகோல் என்றால் சீன எழுத்தைத் தீட்டும் தூரிகை. பகலில் கடை வேலை. மற்ற நேரத்தில் எழுத்தும் ஷிங்யீ என்னும் தற்காப்புக் கலையும். தற்காப்புக் கலைஞர்களில் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்களாக இருந்த காலம் அது. படித்தவர்களோ கைச்சண்டை பழகுபவர்களைத் தாழ்வாக நினைத்தார்கள். சுன் இரண்டையும் ஒருசேரப் பழகினார். பின்னாளில் அவர் வாழ்க்கை முழுவதையும் தீர்மானித்தது இதுதான் என்பது என் கருத்து.

ஷிங்யீயில் அவருடைய முதல் ஆசான் லீ குய்யுவான். மாணவனின் திறமையைக் கண்ட லீ, அவனைத் தம்மிடமே வைத்துக்கொள்ளாமல் தம் ஆசானாகிய குவோ யுன்ஷென்னிடம் அனுப்பினார். அடுத்து சுன் பெய்ஜிங் சென்று பாகுவா கலையைச் செங் திங்ஹுவாவிடம் கற்றார். இந்தச் செங் மூக்குக் கண்ணாடி வணிகர்; ஊரார் அவரைக் கண்ணாடிச் செங் என்றே அழைத்தனர். 1900ஆம் ஆண்டு பாக்சர் கிளர்ச்சியின்போது பெய்ஜிங்கில் புகுந்த அந்நியப் படைகளால் அவர் கொல்லப்பட்டார்.

ஷிங்யீ நேர்க்கோட்டில் முன்னேறித் தாக்கும் கலை. அதன் ஐந்து அடிப்படைக் குத்துகளும் உலோகம், நீர், மரம், நெருப்பு, மண் என்ற ஐந்து மூலங்களோடு பொருத்தப்பட்டவை. பாகுவா அப்படியன்று. அது வட்டத்தில் நடந்துகொண்டே உள்ளங்கைகளை மாற்றி மாற்றி எதிரியின் பக்கவாட்டில் நுழையும் கலை. ஒன்றைக் கற்கவே ஓர் ஆயுள் போதாது என்பார்கள். நாற்பது வயதை எட்டும் முன்னரே சுன் இரண்டிலும் தேர்ந்துவிட்டார். குதிரையில் போகும் ஆசானின் பின்னால் குதிரையின் வாலைப் பிடித்துக்கொண்டே ஓடினார் என்றும், எழுபது வயதில் ஜப்பானிய வீரர்கள் பலரை ஒரே நேரத்தில் சாய்த்தார் என்றும் கதைகள் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எல்லாப் பெரிய ஆசான்களைப் பற்றியும் இப்படிச் சில கதைகள் இருப்பதால் நான் அவற்றை ஓரமாக வைத்துவிட்டேன்.

என்னைக் கவர்ந்த நிகழ்வில் சண்டையே கிடையாது.

1910களின் தொடக்கம். சிங் அரசு வீழ்ந்து குடியரசு பிறந்திருந்த நேரம். ஐம்பதைக் கடந்த சுன், பெய்ஜிங்கில் மாணவர் பலரைக் கொண்ட புகழ்பெற்ற ஆசான். யோங்நியன் என்ற ஊரிலிருந்து ஹாவ் வெய்சென் என்னும் தாய்ச்சி ஆசான் யாங் குடும்பத்தாரைக் காணப் பெய்ஜிங் வந்தார். வந்த இடத்தில் கடுமையாக நோயுற்றார். பெருநகரில் அவருக்கு வேண்டியவர்கள் என்று யாரும் இல்லை. அவருக்கும் சுன்னுக்கும் நெருங்கிய பழக்கமும் இல்லை. இருந்தும் சுன் அவருக்குத் தங்க இடம் கொடுத்து, மருத்துவரை வரவழைத்து, நாள்தோறும் உடனிருந்து கவனித்துக்கொண்டார். குணமடைந்த ஹாவ், நன்றிக்கடனாகத் தம் தாய்ச்சியைக் கற்றுத்தர முன்வந்தார். சுன் மாணவராகி அதை முதலிலிருந்து கற்றார்.

சற்று எண்ணிப் பாருங்கள். ஊரே ஆசான் என்று வணங்கும் ஒருவர், தம் மாணவர்கள் அறிய, இன்னொருவர் முன்னால் தொடக்க நிலை மாணவராக நிற்கிறார். இறுதியாண்டில் இருக்கும் எனக்கே முதலாண்டு மாணவர் ஒருவர் திருத்திச் சொன்னால் முகம் சுருங்குகிறது!

ஹாவிடம் கற்றதையும் முன்னரே அறிந்த இரு கலைகளையும் சுன் ஒன்றிணைத்தார். மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே என்பது அவர் கொள்கை. அப்படிப் பிறந்ததுதான் சுன் தாய்ச்சி. நான் இரண்டு தவணைகளாகப் புறப்பாட நடவடிக்கையில் பயில்வது 24 நிலைகள் கொண்ட எளிய வடிவம். 1956இல் சீன அரசின் விளையாட்டுத் துறை யாங் மரபிலிருந்து தொகுத்தது அது. அதில் முழங்காலை நன்றாக மடக்கி, காலை அகலமாக வைக்க வேண்டும். ஒருநாள் பயிற்றுநர் சுன் முறையிலும் சில அசைவுகளைக் காட்டினார். நிமிர்ந்து நிற்கலாம். ஒரு கால் முன்னே போனால் மற்றது உடனே பின்தொடர்கிறது, பின்வாங்கினாலும் அப்படியே. உடலின் எடை ஒரே காலில் நெடுநேரம் தங்குவதில்லை. திசை மாறும் இடங்களில், மார்புக்கு நேரே இரு உள்ளங்கைகளையும் எதிரெதிரே வைத்து, மூச்சோடு சேர்த்து விரித்து மூடுகிறோம். மறுநாள் தொடையில் வலி இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

எழுதுகோல் கடையில் வளர்ந்த பிள்ளை எழுதாமல் இருப்பாரா? 1915இல் ஷிங்யீ பற்றிய நூலை வெளியிட்டார். பாகுவா நூலும் 1921இல் தாய்ச்சி நூலும் அதைத் தொடர்ந்தன. 1927க்குள் மொத்தம் ஐந்து நூல்கள். ஒவ்வொரு நிலையிலும் தாமே நின்று எடுத்த புகைப்படங்களையும் அவற்றில் சேர்த்தார். குடும்பத்துக்கு வெளியே சொல்லக்கூடாது என்று பொத்திப் பொத்திக் காத்த கலைகள், கடையில் காசு கொடுத்து வாங்கும் நூலாயின. அடிப்பதற்கு மட்டுமல்ல, உடலையும் மனத்தையும் செம்மைப்படுத்தவும் இக்கலைகள் உதவும் என்று அவர் அந்நூல்களில் வலியுறுத்தினார். இன்று மருத்துவர்கள் தாய்ச்சியைப் பரிந்துரைக்கிறார்கள் என்றால், அதற்கான பாதையை வெட்டியவர்களுள் அவரும் ஒருவர்.

1928இல் நாஞ்சிங் நகரில் தேசியத் தற்காப்புக் கலைக் கழகம் தொடங்கப்பட்டபோது அவரை அழைத்தனர். அங்கே அதிக காலம் இருக்கவில்லை. பின் ஜியாங்சு மாநிலக் கழகத்தில் கற்பித்தார். அங்கே பெண்களுக்கும் வகுப்பு நடந்தது. அவர் மகள் சுன் ஜியன்யுன் கற்பிப்பதில் துணைநின்றார். பெண்களின் பாதங்களைக் கட்டிச் சிறுக்க வைக்கும் வழக்கத்துக்குச் சீன அரசு தடை விதித்ததே 1912இல்தான். அதற்குப் பிறகு இருபது ஆண்டுகள் சென்றிருந்த அந்த நாளில், பாதம் கட்டப்பட்ட தாய்மார் இன்னும் பல வீடுகளில் இருந்தனர். அவர்களின் பெண்பிள்ளைகள் கால் ஊன்றி நின்று குத்துப் பழகினார்கள் என்பது சாதாரண செய்தியன்று.

1931இல் ஜப்பான் மஞ்சூரியாவைக் கைப்பற்றியது. நாடெங்கும் கலக்கம். முதுமையில் சொந்த ஊர் திரும்பிய சுன், 1933 டிசம்பரில் அங்கேயே காலமானார். எந்த ஊரில் வாழ வழியில்லை என்று உயிரை வெறுத்தாரோ அந்த ஊர்ப் பக்கமே திரும்பி, எழுபதைக் கடந்த கிழவராக, நோய்நொடியில் கிடக்காமல் அமைதியாகக் கண் மூடினார் என்று குடும்பத்தார் சொல்லி வந்தனர்.

மகள் ஜியன்யுன் ஓவியமும் கற்றவர். தந்தையின் கலையைப் பெய்ஜிங்கில் பல்லாண்டு கற்பித்து, 2003இல் மறைந்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1997இல், ஆஸ்திரேலியாவில் வாழும் மருத்துவர் பால் லாம், மூட்டுவாத நோயாளிகளுக்கென ஒரு தாய்ச்சிப் பயிற்சித் திட்டத்தை அமைத்தார். அவரும் மூட்டுவாதத்தால் அவதிப்பட்டவர். நிமிர்ந்த நிலையும் பின்தொடரும் அடியும் முழங்காலுக்கு இதமாக இருக்கும் என்பதால், ஐந்து மரபுகளில் அவர் அதற்குத் தேர்ந்தெடுத்தது சுன் மரபைத்தான். இன்று பல நாடுகளில் சமூக மண்டபங்களில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வரும் பாட்டிமார், மார்புக்கு நேரே உள்ளங்கைகளை விரித்து மூடுகிறார்கள்.