காணாப் பொருளைக் கணித்த சுவிக்கி

விண்ணில் ஒளிர்வனவற்றை ஆய்ந்தோர் பலர். ஒளிராததைக் கணித்துரைத்தோர் மிகச் சிலர். அச்சிலருள் முன்னிற்பவர் பிரிட்ஸ் சுவிக்கி. 1898 பிப்ரவரி 14இல் பல்கேரியாவின் வார்னா நகரில் பிறந்து, தந்தையின் நாடாகிய சுவிட்சர்லாந்தில் வளர்ந்த அவர், சூரிச்சில் இயற்பியல் கற்று, 1925இல் அமெரிக்காவின் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தை அடைந்தார்.

1933இல் கோமா எனும் விண்மீன் மண்டலத் திரளை அவர் ஆராய்ந்தார். புலப்படும் பொருளின் ஈர்ப்பு மட்டுமே இருந்திருப்பின், மண்டலங்களின் விரைவுக்கு அத்திரள் என்றோ சிதறியிருக்க வேண்டும். சிதறாமையின் காரணம் மறைந்துள்ள கரும்பொருளே எனத் தெளிந்தார். அறிஞருலகம் நெடுங்காலம் செவிசாய்க்கவில்லை. முன்கோபமும் கடுஞ்சொல்லும் அவரைத் தனிமைப்படுத்தின. ஆயினும், இரண்டாம் உலகப் போரில் அழிந்த நூலகங்களுக்கு அறிவியல் ஏடுகளைத் திரட்டி அனுப்பிய ஈரநெஞ்சும் அவருடையதே. 1974 பிப்ரவரி 8இல் அவர் மறைந்தார். வேரா ரூபின் முதலியோரின் ஆய்வுகளால் கரும்பொருட் கொள்கை வலுப்பெற்றது.

அப்பொருளின் துகள் யாது? அரிதாகவே வினைபுரியும் துகளெனக் கருதி, நிலத்தடிச் சுரங்கங்களில் கருவிகள் அமைத்துத் தேடினர். சாதாரணப் பொருளோடு வலுவாக வினைபுரியும் துகளாயின், வளிமண்டலத்திலும் பாறையிலும் மோதி ஆற்றலிழந்து அக்கருவிகளை எட்டாதே என்றனர் வேறு சிலர். எனவே ராக்கெட்டில் உயரே சென்ற கருவியின் பதிவுகளையும் ஆராய்ந்தனர். இருவகைத் துகளும் இதுவரை உறுதியாக அகப்படவில்லை.

சொன்னவரின் குணங்கருதிச் சொன்ன பொருளைத் தள்ளலாகாது என்பதே இவ்வாழ்வினின்று நாம் பெறும் பாடம். மாணவச் செல்வங்கள் இதனை நெஞ்சிற் கொள்வார்களாக!